எம்.ஆர்.ராதாவும் கடைசி ரீலும்

(செப்டம்பர் 17 அன்று திருவரங்கத்தில் நடந்த கருத்தரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



1979ஆம் ஆண்டு இதே நாளில், ஆற்றுக்கு அந்தப் பக்கம் திருச்சியில், எம்.ஆர்.ராதா இறந்தார். அன்று பெரியாருக்கு நூறாவது பிறந்த நாள். இந்தப் பொருத்தத்தைச் சொல்லிக் கைதட்டு வாங்குவது எளிது. ஆண்டுதோறும் வாங்கியும் வருகிறோம். இன்று எனக்குத் தரப்பட்ட அரை மணி நேரத்தில் வேறொன்றைப் பேச நினைக்கிறேன். ராதாவின் சினிமா வாழ்க்கையை ஒரு துணை நடிகரின் வாழ்க்கையாகப் பார்த்தால் நமக்கு என்ன தெரிகிறது என்பதுதான் அது.

துணை நடிகர் என்றதும் சிலருக்கு வருத்தமாக இருக்கலாம். ‘நடிகவேள்’ என்று அழைத்தவரைத் துணை நடிகர் என்பதா என்று. ஆனால் கணக்கு அதுதான். ‘ரத்தக்கண்ணீர்’ ஒன்றைத் தள்ளிவைத்தால், இன்று நாம் கொண்டாடும் ராதா படங்களில் பெரும்பாலானவற்றின் கதாநாயகன் வேறொருவர். ‘பாகப்பிரிவினை’, ‘பாவமன்னிப்பு’, ‘பாலும் பழமும்’, ‘பலே பாண்டியா’, ‘புதிய பறவை’ எல்லாம் சிவாஜி படங்கள். ‘தாயைக் காத்த தனயன்’, ‘பெரிய இடத்துப் பெண்’, ‘பெற்றால்தான் பிள்ளையா’ எம்.ஜி.ஆர். படங்கள். போஸ்டரில் ராதாவின் முகம் ஓரமாக, கொஞ்சம் சிறியதாக இருக்கும். ஆனால் இன்று கைப்பேசியில் வெட்டி ஒட்டி அனுப்பப்படும் துண்டுகளில் பாதி அந்த ஓரத்து முகத்துடையவை.

என் ஆய்வுத் தலைப்பை ஓரிடத்தில் சொன்னபோது, ‘ஹீரோவை எடுத்துக்கொண்டால் தரவு நிறைய கிடைக்குமே அம்மா’ என்றார்கள். உண்மைதான், கிடைக்கும். ஹீரோவுக்கு ரசிகர் மன்றம் இருக்கிறது, மலர் இருக்கிறது, மணிமண்டபம் இருக்கிறது. ஓரத்தில் நின்றவனைத் தேடுவதற்குத்தான் ஆராய்ச்சி வேண்டியிருக்கிறது.

சென்னை சிந்தாதிரிப்பேட்டையில் 1907இல் பிறந்தவர் ராதா. தகப்பனார் பட்டாளத்துக்காரர். முதல் உலகப்போரில் மாண்டுபோனார். சாப்பாட்டில் இன்னொரு துண்டு மீன் கேட்டு, அம்மா தராமல் போனதால் கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டு ஓடியதாக ராதாவே சொல்லியிருக்கிறார். விந்தன் அவரிடம் பேசி எழுதிய ‘சிறைச்சாலை சிந்தனைகள்’ படித்தவர்களுக்கு இது தெரியும். ஓடிப்போன பையன் சேர்ந்த இடம் ஆலந்தூர் டப்பி ரங்கசாமி நாயுடுவின் பாய்ஸ் கம்பெனி.

பாய்ஸ் கம்பெனி என்றதும் பழைய நடிகர்கள் எல்லாரும் ஒரு குருகுலம் போலச் சொல்லுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சோற்றுக்கு வழியில்லாத வீட்டுப் பிள்ளைகளைச் சோற்றுக்காகச் சேர்த்துக்கொண்ட இடம் அது. உதை உண்டு, ஊர் ஊராக அலைச்சல் உண்டு, குரல் உடைந்தால் வேலை போகும். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட், பபூன் என்று ஆளுக்கொரு பார்ட் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். ஒருமுறை கள்ளபார்ட்டு என்று ஆகிவிட்டால் ராஜபார்ட்டு ஆவது லேசில்லை. முகவெட்டு, நிறம், குரல் மூன்றையும் பார்த்துத்தான் பார்ட்டு. இந்தப் பிரிவினைதான் பிறகு சினிமாவுக்குள் கதாநாயகன், வில்லன், காமெடியன் என்று அப்படியே இறங்கியது. ராஜாவாக யாரைப் பார்க்கப் பழக்கியிருக்கிறார்கள், திருடனாக யாரைப் பார்க்கப் பழக்கியிருக்கிறார்கள் என்பது நம்முடைய கேள்வி. அழகியல் தெரிந்தவர்கள் இதை வேறு பெயரில் அழைப்பார்கள், அழைக்கட்டும்.

திருச்சி சங்கிலியாண்டபுரத்தை இங்கே சொல்லாமல் போக முடியாது. பொன்மலை ரயில்வே தொழிற்கூடத்துக்கும் பாலக்கரைக்கும் பக்கத்துப் பகுதி. சிவாஜி வளர்ந்தது அங்கே, காக்கா ராதாகிருஷ்ணன் அங்கே, ராதா பிற்காலத்தில் வீடு வைத்ததும் அங்கே. சிறுவன் கணேசன் சேர்ந்த நாடகக் கம்பெனியில் ராதா முன்பே பெரிய ஆள். ‘பலே பாண்டியா’வில் இருவரும் உட்கார்ந்து, ஒருவர் பாட இன்னொருவர் ஜதி சொல்லும் கச்சேரிக் காட்சி நினைவிருக்கிறதா? குரல்கள் வேறு ஆட்களுடையவை. ஆனால் அந்த உடம்பைப் பாருங்கள். தலையாட்டல், தொடையில் தாளம், கழுத்து நரம்பு, கண்ணை மூடிக்கொள்ளும் அந்தப் பாவனை. சபாவில் முன் வரிசையில் உட்கார்ந்து ‘சபாஷ்’ போடுகிறவர்கள் மட்டுமே கர்நாடக சங்கீதத்தின் சொந்தக்காரர்கள் என்று இருந்த காலத்தில், சங்கிலியாண்டபுரத்து இரண்டு பேர் அதை எடுத்து விளையாடிவிட்டுப் போகிறார்கள். கேலியா, மரியாதையா என்று சொல்ல முடியாத இடத்தில் அதை நிறுத்துகிறார் ராதா. வேறு எந்தக் காட்சியைவிடவும் எனக்கு அது பிடிக்கும்.

அவருடைய முதல் படம் ‘ராஜசேகரன்’, 1937. அடுத்து ‘பம்பாய் மெயில்’, ‘சந்தனத் தேவன்’ என்று சில. சினிமா சரிப்படவில்லை, நாடகத்துக்கே திரும்பிவிட்டார். ‘இழந்த காதல்’, ‘லட்சுமிகாந்தன்’, ‘போர்வாள்’, ‘தூக்குமேடை’, ‘விமலா அல்லது விதவையின் கண்ணீர்’, பிறகு திருவாரூர் கே.தங்கராசு எழுதிய ‘ரத்தக்கண்ணீர்’. இந்தக் காலத்தில்தான் அவர் சுயமரியாதை இயக்கத்தோடு சேர்கிறார். 1949இல் கழகம் உடைந்தபோது கலைஞர்களில் பெரும்பாலோர் அண்ணாவின் பக்கம் போக, இவர் பெரியாரோடு நின்றார். சினிமாவையே நோய் என்று சொல்லிக்கொண்டிருந்த தலைவரோடு ஒரு நடிகர் நின்றார் என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

மேடையில் அவர் செய்தது என்ன? எழுதிவைத்த வசனத்தோடு நிற்கமாட்டார். அன்றைய நாளிதழ் செய்தி அன்றிரவு மேடையில் வந்துவிடும். முன் வரிசையில் ஊர்ப் பெரிய மனிதர் யாராவது உட்கார்ந்திருந்தால் அவரும் நாடகத்துக்குள் வந்துவிடுவார். எங்கள் அப்பாயி பொன்மலைப்பட்டியில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்து பார்த்தவர். கதை அவருக்கு முழுதாக நினைவில் இல்லை. ‘நாற்காலிக்காரனுங்களைப் பார்த்து அவன் பேசப் பேச, தரையில இருந்த நாங்க சிரிச்சோம்’ என்பது மட்டும் நினைவிருந்தது. சேரியிலிருந்து வந்தவர்கள் சிரித்தால் திரும்பிப் பார்த்து முறைக்கும் ஆட்கள் அந்தக் கொட்டகையில் இருந்திருப்பார்கள். ஆனாலும் அன்றைக்குச் சிரிக்க முடிந்தது. இதை அழகியல் கோட்பாடாக எழுத எனக்கு ஒரு இயல் தேவைப்பட்டது. அப்பாயிக்கு ஒரு வரி போதுமானதாக இருந்தது.

இதற்கு அரசு என்ன செய்தது என்பதும் தெரிந்ததுதான். நாடகங்களுக்குத் தடை விதிப்பார்கள், அவர் பெயரை மாற்றி வேறு நாடகமாகப் போடுவார். ‘ராமாயணம்’ நாடகத்தில் கை வைத்தபோது விஷயம் முற்றியது. வால்மீகியையே ஆதாரமாகக் காட்டினார் ராதா. மனம் புண்படும் என்று நினைப்பவர்கள் வரவேண்டாம், அவர்கள் காசும் வேண்டாம் என்று விளம்பரத்திலேயே அறிவித்தார் என்பார்கள். 1954இல் சென்னை மாகாண நாடக நிகழ்ச்சிகள் சட்டம் வந்தது. அமைச்சர் சி.சுப்பிரமணியம் கொண்டுவந்தார். அப்போது முதலமைச்சர் காமராசர். பெரியார் ‘பச்சைத் தமிழர்’ என்று ஆதரித்த அதே காமராசரின் ஆட்சி. இதை நம் மேடைகளில் மெல்ல விழுங்கிவிடுகிறோம். விழுங்க வேண்டியதில்லை. குலக்கல்வியை எடுத்த கையும் ராதாவின் வாயை மூடப் பார்த்த கையும் ஒரே ஆண்டில் ஒரே அரசின் கைகள். இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அந்தச் சட்டத்தின் பிரிவுகள் அரசமைப்புக்கு முரணானவை என்று சென்னை உயர்நீதிமன்றம் சொல்ல 2013 வரை ஆனது. வழக்குப் போட்டவர் எழுத்தாளர் ஞாநி.

‘ரத்தக்கண்ணீர்’ படமாக வந்ததும் அதே 1954இல். கிருஷ்ணன்-பஞ்சு இயக்கம். கே.பி.சுந்தராம்பாள் 1935இல் ‘நந்தனார்’ படத்துக்கு ஒரு லட்சம் வாங்கினார், அதைவிட அதிகம் தந்தால்தான் வருவேன் என்று ராதா நின்றதாக நாடக உலகில் ஒரு கதை உண்டு. கதையின் உண்மையை விடுங்கள். ‘நந்தனார்’ என்ற பெயர் அங்கே வருவதைக் கவனியுங்கள். தமிழ் சினிமாவில் ஒரு தலித்தின் வாழ்க்கை படமான மிக முந்தைய நிகழ்வுகளில் ஒன்று அது. அதில் நந்தனாராக நடித்தவர் சுந்தராம்பாள், வேதியராக நடித்தவர் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். 1942இல் ஜெமினி எடுத்தபோது நந்தனார் தண்டபாணி தேசிகர். பறையர் வீட்டுப் பிள்ளை ஒருவருக்குப் பறையராக நடிக்கும் வேஷம்கூடக் கிடைக்கவில்லை. துணை நடிகர் என்ற படிக்கட்டுக்குக் கீழேயும் ஒரு படி இருந்தது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் கடல் கடந்து போகிறேன். ஹாலிவுட்டில் துணை நடிகர்களுக்கென்று தனி ஆஸ்கர் விருது 1936ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து கொடுக்கிறார்கள். ‘கான் வித் த விண்ட்’ படத்தில் அடிமைப் பணிப்பெண் வேடத்துக்காக ஹாட்டி மெக்டேனியல் 1940 பிப்ரவரியில் அந்த விருதை வாங்கினார். ஆஸ்கர் வாங்கிய முதல் கறுப்பினத்தவர். அவருடைய தந்தையே அடிமையாகப் பிறந்தவர். விழா நடந்த ஓட்டலில் கறுப்பர்களுக்கு அனுமதி இல்லை. சிறப்பு அனுமதி வாங்கி, படக் குழுவினர் மேசையில் இல்லாமல், ஓரமாகத் தனி மேசையில் அவரை உட்காரவைத்தார்கள். அட்லாண்டாவில் நடந்த முதல் காட்சிக்கு அவரால் போகவே முடியவில்லை. 1952இல் இறந்தபோது, அவர் கேட்டிருந்த ஹாலிவுட் கல்லறைத் தோட்டத்தில் இடம் தரவில்லை, அது வெள்ளையர்களுக்கு. விருது கொடுப்பார்கள், நாற்காலி ஓரமாகப் போடுவார்கள். வாழ்நாள் முழுக்க வேலைக்காரி வேடம்தான். வேலைக்காரி வேடத்தில் நடிப்பதற்காகக் கறுப்பின உரிமை இயக்கத்தவரும் அவரைக் கடிந்துகொண்டார்கள். இரண்டு பக்கத்து அடியும் அவருக்கு.

திருவரங்கத்தில் நின்றுகொண்டு ஓரமாகப் போட்ட நாற்காலியைப் பற்றிப் பேசும்போது தெருக்கள் ஞாபகம் வராமல் இருக்குமா? ஏழு சுற்று. உத்திர வீதி, சித்திரை வீதி என்று உள்ளே போகப் போக யார் குடியிருந்தார்கள், வெளியே வர வர யார் குடியிருந்தார்கள் என்று இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சுஜாதாவின் ஸ்ரீரங்கம் நன்றாக எழுதப்பட்ட ஸ்ரீரங்கம்தான். ஆனால் அது உள்சுற்றின் ஸ்ரீரங்கம். உறையூர்க்காரர் திருப்பாணாழ்வார் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பாணர், அதனால் கோயிலுக்குள் வரக்கூடாது, காவிரிக் கரையில் நின்று பாடுகிறார். லோகசாரங்கர் வழிவிடச் சொல்லிக் கல்லெறிகிறார், ரத்தம் வருகிறது. பிறகு பெருமாள் கனவில் சொல்ல, அதே லோகசாரங்கர் அவரைத் தோளில் சுமந்து உள்ளே கொண்டுபோகிறார். உள்ளே போன பாணர் பத்துப் பாட்டுப் பாடுகிறார், பெருமாளோடு கலந்து மறைந்துவிடுகிறார். சிதம்பரத்தில் நந்தனார் நெருப்புக்குள் மறைந்தார், இங்கே பாணர் விக்கிரகத்துக்குள் மறைந்தார். இருவரும் திரும்பி வெளியே வரவில்லை. வந்திருந்தால் மறுநாள் அவர் எங்கே உட்காருவார், யாரோடு சாப்பிடுவார் என்ற கேள்வி வந்திருக்கும். கதைக்கு அந்தக் கேள்வி வேண்டாம், அதனால் ஆளை முடித்துவிடுகிறது.

சினிமாவில் கடைசி ரீல் செய்யும் வேலையும் இதுதான் என்பது என் வாதம். இரண்டரை மணி நேரம் ராதா பேசுவார். பணக்காரனை, சாமியாரை, குடும்ப மானம் பேசுகிறவனைக் கிழிப்பார். ஒரே வாக்கியத்தில் குரல் கீச்சென்று மேலே போய், கரகரவென்று கீழே இறங்கும். கதாநாயகன் பேச முடியாததை எல்லாம் வில்லன் பேசிவிடுவான், வில்லன்தானே என்று தணிக்கையும் விட்டுவிடும். பிறகு கடைசி ரீலில் போலீஸ் வரும், அல்லது திருந்துவார், அல்லது சாவார். பேசியவனைக் குற்றவாளி ஆக்கிவிட்டால் பேச்சும் குற்றமாகிவிடும் என்று படம் நினைக்கிறது. அது நடக்கவில்லை. ஜனங்கள் கடைசி ரீலைக் கொட்டகையிலேயே விட்டுவிட்டு, நடு ரீலை வீட்டுக்கு எடுத்துப்போனார்கள்.

இதுவரை நீங்கள் தலையாட்டிக்கொண்டிருந்தீர்கள். இனி சொல்வதற்குச் சிலர் கோபப்படலாம்.

‘ரத்தக்கண்ணீர்’ மோகனசுந்தரத்துக்கு என்ன ஆகிறது? வெளிநாட்டுக்குப் போய்த் திரும்பியவன், மனைவி சந்திராவை விட்டு காந்தாவிடம் போகிறான், தாயை உதைக்கிறான், தொழுநோய் வருகிறது. தவறு செய்தான், அதனால் உடம்பு அழுகியது. தோழர்களே, இதற்குப் பெயர் கர்மவினை. தொழுநோய் ஒரு நுண்ணுயிரால் வருவது என்று ஹேன்சன் கண்டுபிடித்தது 1873இல். நாடகம் மேடையேறிய காலத்திலேயே அதற்கு மருந்து வந்துவிட்டது. கடவுள் இல்லை, தலையெழுத்து இல்லை என்று பேசிய மேடை, நோயைப் பாவத்தின் சம்பளமாகக் காட்டியது. அந்த நடிப்பின் மகத்துவத்தை நான் மறுக்கவில்லை. மடங்கிய விரலும் தளர்ந்த நடையும் உலகத்தில் எந்த நடிகனுக்கும் சவால்தான். ஆனால் அந்த நடிப்பு எவ்வளவுக்கு மகத்தானதோ அவ்வளவுக்கு அது தொழுநோயாளிகளுக்குப் பாதகம் செய்தது. தொழுநோயைக் காரணம் காட்டி மணவிலக்கு கேட்கலாம் என்று சட்டத்தில் இருந்ததை 2019இல்தான் நீக்கினார்கள்.

காந்தாவைப் பற்றியும் பேசியாக வேண்டும். எம்.என்.ராஜம் நடித்த பாத்திரம். தாசி வீட்டுப் பெண். பொட்டுக்கட்டுவதை ஒழிக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் வந்தது 1947இல். அதற்கு முன்பே, 1936இல், அந்தச் சமூகத்தில் பிறந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ‘தாசிகள் மோசவலை’ நாவலை எழுதினார். அதில் அந்தப் பெண்களே மாறுகிறார்கள், சேருகிறார்கள், மாநாடு போடுகிறார்கள். ‘ரத்தக்கண்ணீரில்’ காந்தாவுக்கு அந்த வாய்ப்பு கிடையாது. மோகனசுந்தரம் கெட்டுப்போனதற்கு அவள் காரணம், அவ்வளவுதான். இயக்கத்துப் பெண் எழுதிவைத்திருந்ததை இயக்கத்து நாடகம் படிக்கவில்லை. அதே படத்தின் முடிவில், தன் மனைவியைத் தன் நண்பனுக்கு மறுமணம் செய்து வைக்கிறான் மோகனசுந்தரம். 1954இல் அது பெரிய அடி, சந்தேகமில்லை. ஆனால் அப்போதும் ‘கொடுப்பது’ ஆண்தான், சந்திரா கேட்டு வாங்குவதில்லை.

‘அந்தக் காலத்தை வைத்துப் பாருங்கள்’ என்று ஒரு தோழர் எழுந்து சொல்லப்போகிறார் என்பது தெரியும். அந்தக் காலத்தில்தான் ராமாமிர்தம் அம்மையாரும் இருந்தார். ராமனையே விடாத ராதாவை நாம் ஏன் விட்டுவிட வேண்டும்? தலையில் தூக்கி ஆடுவதற்கு நடிகன் என்ன கடவுளா என்று வாழ்நாள் முழுக்கக் கேட்டவர் அவர்.

துப்பாக்கி விவகாரத்தை நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். 1967 ஜனவரி 12, ராமாவரம், இருவருக்கும் குண்டுக் காயம், ராதாவுக்குச் சிறை. அவ்வளவுதான் நான் சொல்லப்போவது. அதைப் பற்றி மட்டும் பேசிப் பேசியே மற்ற அறுபது ஆண்டுகளை மூடிவிட்டார்கள். சிறையிலிருந்து வந்தபின் ‘சமையல்காரன்’ உட்படச் சில படங்கள் நடித்தார். ‘ரத்தக்கண்ணீர்’ நாடகத்தையும் விடவில்லை.

கோயிலுக்குள் அரையர் சேவை நடக்கிறது. குல்லாய் வைத்து, தாளம் தட்டி, பாசுரத்துக்கு அபிநயம் பிடிக்கிறார்கள். அதுவும் நடிப்புதான், பரம்பரை பரம்பரையாக ஒரு சில குடும்பத்து ஆண்களுக்கு மட்டும் உரியது. அதற்குப் பெயர் கைங்கரியம். வெளியே கொட்டகையில் நடித்தவனுக்குப் பெயர் கூத்தாடி. அந்தக் கூத்தாடி, ராமனாக வேடம் போட்டபோது சட்டம் போட்டார்கள். அதே கோபுரத்துக்கு எதிரே பெரியார் சிலை வைக்கப்போனபோது, 2006 டிசம்பரில் அதைச் சேதப்படுத்தினார்கள். சிலை இப்போது நிற்கிறது, போகும்போது பார்ப்பீர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ராதா நாடகங்களின் நோட்டீஸ், டிக்கெட், தேவர் ஹாலிலோ ஊர்க் கொட்டகையிலோ எடுத்த புகைப்படம், எதுவாக இருந்தாலும் உங்கள் வீட்டுப் பரணில் கிடந்தால் எடுத்துவைத்துச் சொல்லியனுப்புங்கள். முக்கியமாக, தரை டிக்கெட்டில் உட்கார்ந்து பார்த்த பாட்டிமார், தாத்தாமார் யாராவது பேசும் நிலையில் இருந்தால், நானே வந்து கேட்டு எழுதிக்கொள்கிறேன். அவர்களுக்கு எண்பதைத் தாண்டியிருக்கும், அதனால் இந்த மாதமே வருகிறேன்.